பல் கூசுகிறதா? கழற்ற அவசரப்படாதீர்கள்!



இம்மாதத் தபாலில் சுன்னாகத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது முப்பத்தாறு, மூன்று பிள்ளைகளின் தாய், கணவருக்குச் சந்தைப் பக்கம் துணிக்கடை. "காலையில் கிணற்றுத் தண்ணியில் வாய் கொப்பளிச்சாலே பல் கூசுது. ஐஸ் கிரீம் வாயில் வைத்து இரண்டு வருஷம் ஆகுது. இப்போ காத்துப் பட்டாலும் கூசுது. ஒரு பக்கத்தாலதான் சாப்பிடுறன்" என்று எழுதியிருக்கிறார். அவருடைய மாமி சொல்லும் வைத்தியம் என்ன தெரியுமா? "கூசுற பல்லை வைத்திருந்து என்ன செய்யப்போற? கழட்டிப்போட்டுக் கட்டுப்பல் வை, நிம்மதி." மாமிக்கு நாற்பது வயதிலேயே மேல் பல் முழுவதும் கட்டுப்பல்லாம்.

சகோதரி கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. எங்கள் ஊர்த் தண்ணீர்தான் காரணமா? மூன்று பிள்ளை பெற்றதால் பல்லில் கல்சியம் குறைந்துவிட்டதா? மிஸ்வாக் பாவிக்கலாமா, கூடாதா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் மாமிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

கூசும் பல் செத்த பல் அல்ல; உயிருள்ள பல். அதன் நரம்பு வேலை செய்கிறது. மேலே இருந்த போர்வை எங்கோ விலகிவிட்டது என்றுதான் அது சொல்கிறது. போர்வை விலகியதற்காக ஆளையே வீட்டை விட்டு அனுப்புவாரா யாரும்? கழற்றிய பல் திரும்பி வராது. கட்டுப்பல்லால் நல்ல இறைச்சித் துண்டு ஒன்றைக் கடித்துச் சாப்பிட முடிகிறதா என்று மாமியிடமே ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, கூச்சம் எப்படி வருகிறது?

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்ற ஓடு. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எலும்பு முறிந்தால் பொருந்தும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் ஒருமுறை தேய்ந்து போனால் புதிதாக வளராது. அந்த ஓட்டுக்கு உள்ளே டென்டின் என்ற பகுதி இருக்கிறது. அது பார்வைக்குக் கல் போல இருந்தாலும் உள்ளே ஒரே துளை மயம். ஒரு சதுர மில்லிமீற்றர் இடத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பல்லாயிரம் குழாய்கள், அவற்றில் நீர். குழாய்களின் அடிமுனையில் நரம்பு.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். குடாநாட்டின் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். வெளியே திண்மையாகத் தெரியும் அந்தக் கல்லுக்குள் எத்தனை வெடிப்பு, எத்தனை பொந்து! நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் விழுந்த நீர் கல்லுக்குள்ளே ஓடி வேறிடம் போகும். டென்டினும் அப்படித்தான். மேலே மூடியிருக்கும்வரை கவலையில்லை. மூடி போனால், குளிர் பட்டவுடன் குழாய்க்குள் இருக்கும் நீர் சட்டென்று அசையும். அந்த அசைவு நரம்பை இழுக்கும். அதுதான் அந்த மின்னல் வெட்டியது போன்ற கூச்சம். சுவீடன் நாட்டைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரம் என்ற பல் வைத்திய அறிஞர் 1960களில் இதை ஆராய்ந்து காட்டினார். அதைத்தான் இன்றும் வைத்தியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். குளிருக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் இனிப்புக்கும் புளிப்புக்கும் ஏன் கூசுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். இவை எல்லாமே அந்த நீரை அசைக்கின்றன.

மூடி போகும் வழிகள் இரண்டு. ஒன்று, எனாமல் தேய்வது. மற்றது, முரசு கீழே இறங்குவது. முரசு என்று நாம் சொல்வதைத்தான் தமிழ்நாட்டில் ஈறு என்பார்கள். பல்லின் வேர்ப்பகுதிக்கு எனாமல் கிடையாது. முரசுதான் அதற்குப் போர்வை. முரசு இறங்கினால் வேர் வெளியே தெரியும். வேரின் மேலிருக்கும் மெல்லிய தோல் போன்ற படை சீக்கிரமே தேய்ந்துவிடும். பிறகு குழாய்கள் திறந்த வாயோடு நிற்கும்.

இன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடியைப் பிடித்து வாயைத் திறந்து பாருங்கள். சில பற்கள் மற்றவற்றைவிட நீளமாகத் தெரிகின்றனவா? முரசை ஒட்டிய இடத்தில் மஞ்சளாக, நகத்தால் தடவினால் சிறு பள்ளம் போல இருக்கிறதா? வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தப் பள்ளம் பெரும்பாலும் இடப்பக்கக் கடைவாய்க்கு முன்னாலுள்ள பற்களில்தான் இருக்கும். ஏன்? வலக்கையின் பலம் முழுவதும் விழுவது அங்கேதான். ஆம் சகோதரிகளே, பல கூச்சங்களுக்குக் காரணம் நம் சொந்தக் கை!

நம் பெண்களுக்குச் சுத்தம் என்றால் உரசித் தேய்ப்பது. சட்டியைத் தேய்க்கிறோம், முற்றத்தைத் தேய்க்கிறோம், அதே வேகத்தில் பல்லையும் தேய்க்கிறோம். கடினமான பிரஷ்தான் நன்றாகச் சுத்தம் செய்யும் என்று கடையில் தேடி வாங்குகிறோம். இன்னும் சில வீடுகளில் உமிக்கரி, அடுப்புக்கரி, உப்புத்தூள். செங்கல் தூளால் பல் துலக்கிய காலமும் இருந்தது. கரியால் தேய்த்தால் பல் வெளுப்பாகத் தெரியும், உண்மைதான். பாத்திரத்தின் ஈயப்பூச்சும் தேய்க்கத் தேய்க்க மினுங்கத்தான் செய்யும், பூச்சு தீரும்வரை. இப்போது கரி கலந்த பற்பசை என்று புதிய பெட்டிகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அம்மியடியில் கிடந்த கரிக்கு வந்த யோகம்!

அப்படியானால் எப்படித் துலக்குவது? பெட்டியில் மென்மை என்று போட்டிருக்கும், தலை சிறிய பிரஷ்ஷை வாங்குங்கள். முஷ்டியால் பிடிக்காமல் பேனை பிடிப்பது போல விரல்களால் பிடியுங்கள். தானாகவே அழுத்தம் குறையும். தும்புகள் பாதி முரசிலும் பாதி பல்லிலும் படும்படி சாய்த்து வைத்து, அந்த இடத்திலேயே மெதுவாகச் சிறு அசைவு கொடுத்து, முரசிலிருந்து பல்லின் நுனியை நோக்கி இழுத்து விடுங்கள். வாள் அறுப்பது போல் குறுக்கே இழுக்கவே வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். காலையில் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை. ஒரு மாதத்தில் தும்புகள் விரிந்து காகக் கூடு போலாகிவிட்டால் உங்கள் கை கடினம் என்று அர்த்தம். மென்மையாகத் துலக்குபவருக்கு மூன்று மாதம் வரும்.

இனி மிஸ்வாக். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு வலியுறுத்திய ஸுன்னத் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குச்சி தரும் மரத்துக்குத் தமிழில் உகாய் என்று பழைய பெயரே உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 1980களில் இதன் பாவனையை ஊக்குவித்தது. ஆகவே பாவிக்கலாமா என்ற சந்தேகமே வேண்டாம். பாவிக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். அரபு நாடுகளில் மிஸ்வாக் பாவிப்போரை ஆராய்ந்த பல் வைத்தியர்கள் சிலர், பலமாக உரசுவோருக்கு முரசு இறங்கியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். குற்றம் குச்சியில் இல்லை. ஹஜ்ஜுக்குப் போன யாரோ தந்தது என்று அலுமாரியில் ஆறு மாதம் காய்ந்து கிடந்த குச்சியை எடுத்து, நனைக்காமல், மெல்லாமல், வுழூச் செய்யும் அவசரத்தில் குறுக்கே நாலு இழுவை இழுத்தால் முரசு என்ன செய்யும்?

நுனியில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சீவுங்கள். நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, நார் பிரிந்து பூப்போல ஆகும்வரை மெல்லுங்கள். முரசிலிருந்து பல்லின் நுனி நோக்கி மட்டும் தேயுங்கள். நார் கடினப்பட்டதும் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பல்லின் உட்புறத்துக்கும் கடைவாயின் பின்புறத்துக்கும் குச்சி எட்டுவது சிரமம். எனவே காலையும் இரவும் பிரஷ், வுழூவின்போது மிஸ்வாக் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே என் யோசனை. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பாவிக்கும் வீடுகளுக்கும் இதே பேச்சுத்தான்.

அடுத்து நம் சாப்பாடு. புளிப்பு எனாமலைக் கரைக்கும். அமிலத்தை அளக்கும் அளவுகோலில் தூய தண்ணீர் 7. அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் இளகத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு 2 அல்லது 2.5 அளவில் நிற்கிறது, கறுப்புச் சோடாவும் ஏறக்குறைய அப்படித்தான். வேர்ப்பகுதி இன்னும் பலவீனமானது. அதற்கு 5.5 வரை கூடப் போகத் தேவையில்லை, அதற்கு முன்பே இளகிவிடும்.

இதைச் சொன்னவுடன் தேசிக்காயை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். கறியில் பிழிந்த தேசிப்புளி சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது, புளிப்பை வாயில் நெடுநேரம் வைத்திருப்பதுதான். மத்தியான வேலை முடிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி மாங்காய்ப் பிஞ்சு, அம்பரலங்காய், வெரளிக்காய் என்று ஒரு மணி நேரம் கதைத்தபடி கொறிக்கிறோமே, அது. நெல்லிரசத்தை ஒரு கிளாஸ் ஊற்றி, அரை மணி நேரம் துளித்துளியாக உறிஞ்சுகிறோமே, அது. உடம்பு மெலிய என்று வெறும் வயிற்றில் தினமும் தேசிச்சாறு குடிக்கும் புதுப் பழக்கம் வந்திருக்கிறதே, அது மிகவும் மோசம். குடிப்பதானால் சாப்பாட்டோடு, ஒரே மூச்சில், முடிந்தால் ஸ்ட்ரோவால் குடியுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். பால் ஒரு வாய் குடித்தால் இன்னும் நல்லது.

ஒரு முக்கியமான விஷயம், இதை அநேகர் தலைகீழாகச் செய்கிறார்கள். புளிப்புச் சாப்பிட்டதும் பல் கூசுகிறதே என்று ஓடிப்போய்ப் பல் துலக்குவது! அப்போதுதான் எனாமலின் மேற்பரப்பு இளகியிருக்கிறது. அந்நேரம் பிரஷ் போட்டால் இளகியது இழுபட்டுப் போய்விடும். அரை மணி நேரம் பொறுங்கள். அல்லாஹ் தந்த உமிழ்நீர் அதற்குள் அந்த இடத்தை மீண்டும் ஓரளவு இறுகச் செய்துவிடும்.

புழுக்கொடியல் கடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூச்சம் உள்ளவர்கள் அதைப் பல்லால் முறித்துத் தின்னாமல் இடித்தோ ஊறவைத்தோ சாப்பிடுங்கள். பாக்கைப் பல்லால் உடைப்பதும் இதே கதைதான்; பல்லில் மயிரிழை போல வெடிப்பு விழும்.

பாக்கு என்றதும் வெற்றிலை வட்டா கண் முன் வருகிறது. மூத்தம்மாமார் கோபிக்கக் கூடாது. பாக்கு எனாமலை அரைத்து மட்டமாக்கும். சுண்ணாம்பு முரசை எரித்துப் பின்வாங்கச் செய்யும். நீண்டகாலம் வெற்றிலை போட்டவர்களின் கடைவாய்ப் பற்கள் உரல் போலக் குழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூச்சம் அதில் சிறிய கஷ்டம்தான். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்குடன் கூடிய வெற்றிலை புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் அறிவித்துவிட்டது. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலைதானே" என்று சொல்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

இப்போது சுன்னாகத்துத் தண்ணீருக்கு வருவோம். அந்த ஊர் மக்கள் தண்ணீரைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததையும், வாளியோடு பவுசருக்குக் காத்து நின்றதையும் யார் மறப்பார்? அங்கிருந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம், பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கவலை வேறு, நியாயமான கவலை. கிணற்றைப் பரிசோதித்த பிறகே குடியுங்கள். ஆனால் பல் கூச்சத்தை அந்த எண்ணெயின் தலையில் கட்ட இடமில்லை.

கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதே, அதுபோலத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பல்லையும் கெடுக்காதா என்று சகோதரி கேட்கிறார். கெடுக்காது. சுண்ணக்கல்லில் ஊறிய நீர் புளிப்பு நீர் அல்ல. எனாமலைக் கரைக்கும் குணம் அதற்கு இல்லை. பல்லில் கல் போலப் பிடிக்கும் காறையும் கிணற்றிலிருந்து வருவதல்ல. துலக்காமல் விட்ட அழுக்கின்மேல் நம் உமிழ்நீரின் உப்புகள் படிந்து இறுகுவதே காறை. தண்ணீரால் பல் கெடும் ஊர்களும் நாட்டில் இருக்கின்றன. அனுராதபுரம், வவுனியா போன்ற பகுதிகளில் பல கிணறுகளில் புளோரைட் அதிகம். லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மீறிய நீரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்பு நிறமும், கடுமையானால் குழிகளும் விழும். இடம்பெயர்ந்த காலத்தில் அப்பகுதிகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் பல்லில் இப்படி அடையாளம் இருந்தால் வைத்தியரிடம் காட்டலாம்.

இரண்டாவது கேள்வி, பிள்ளைப்பேறும் கல்சியமும். பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றிலுள்ள பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதில்லை, சகோதரிகளே. ஆனால் அந்தப் பேச்சில் வேறொரு உண்மை ஒளிந்திருக்கிறது. மசக்கைக் காலத்தில் வாந்தியோடு வரும் வயிற்று அமிலம் தேசிக்காயைவிடக் கொடியது. அத்தோடு அந்த நாட்களில் முரசு வீங்கி இலேசில் இரத்தம் கசியும். இரத்தத்தைக் கண்டு பயந்து துலக்குவதையே விட்டுவிடுகிறோம்; அழுக்குச் சேர்ந்து முரசு இன்னும் கெடுகிறது. மூன்று பிள்ளைக்கு இப்படி மூன்று தரம் நடந்தால் பல் கூசாமல் என்ன செய்யும்?

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி நேரம் கழித்து மென்மையாகத் துலக்கலாம். இரவில் நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் உள்ளவர்கள் அதற்கும் மருந்து எடுக்க வேண்டும். பல்லுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பலனில்லை. கர்ப்பகாலத்தில் பல் வைத்தியரிடம் போகக் கூடாது என்பதும் தவறான எண்ணம். போகலாம், கர்ப்பிணி என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நோன்பு காலத்தில் கூச்சம் கூடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். கூடத்தான் செய்யும். பகல் முழுவதும் வாய் வரண்டு உமிழ்நீர் குறைந்திருக்கிறது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், அதன்மேல் ஐஸ் போட்ட தேசிச் சர்பத், அது தொண்டையில் இறங்குமுன் கொதிக்கக் கொதிக்க நோன்புக் கஞ்சி! குளிரும் சூடும் மாறிமாறிப் பட்டால் நல்ல பல்லே துடிக்கும். தண்ணீரால் நோன்பைத் திறந்து, கஞ்சியைச் சற்று ஆறவிட்டு, சர்பத்தை ஐஸ் இல்லாமல் எடுங்கள். ஸஹரில் பழமும் புளிப்பும் முதலில், சோறும் பாலும் கடைசியில் என்று மாற்றிக்கொண்டால், பஜ்ருக்கு முன் துலக்குவதற்குப் பல் தயாராக இருக்கும். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் சூரியன் உச்சி சாய்ந்த பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது மக்ரூஹ் என்று சொல்லித் தரப்பட்டிருக்கிறது. அதைப் பேணுபவர்கள் காலையிலேயே அதனை முடித்துக்கொள்ளலாம். பற்பசையை நோன்பு திறந்த பிறகும் ஸஹரிலும் வைத்துக்கொண்டால் விழுங்கிவிடுவோமோ என்ற பயமும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் என்ன? கூச்சத்துக்கென்றே தயாரிக்கும் பற்பசை. சென்சோடைன் என்பது 1961இல் அமெரிக்காவில் இதற்காகவே வந்தது. இப்போது வேறு பல கம்பனிகளும் செய்கின்றன. பெயரைவிடப் பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பொட்டாசியம் நைத்திரேற்று 5 சதவீதம் என்றிருந்தால், அது மெல்ல மெல்ல நரம்பை அடங்கச் செய்வது. ஸ்டானஸ் புளோரைட், ஆர்ஜினைன் போன்றவை குழாய்களின் வாயை அடைப்பவை. எதுவானாலும் புளோரைட்டும் சேர்ந்திருப்பது நல்லது.

விலை கூடத்தான். அதனால்தான் நம் வீடுகளில் நான்கு நாள் பாவித்துவிட்டு "ஒன்றும் சுகமில்லை" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். இது பனடோல் அல்ல, அரை மணி நேரத்தில் வேலை செய்ய. காலை, இரவு என்று விடாமல் இரண்டு முதல் நான்கு வாரம் பாவித்தால்தான் குணம் தெரியும். துலக்கி முடிந்ததும் நுரையைத் துப்புங்கள், அவ்வளவுதான். வாளித் தண்ணீரால் பத்துத் தரம் கொப்பளித்தால் வாங்கிய மருந்தெல்லாம் முற்றத்துக் கானுக்குள் போய்விடும். படுக்கப் போகுமுன் சிறிதளவைச் சுத்தமான விரலால் கூசும் இடத்தில் தடவி அப்படியே விடலாம். சுகம் கண்டதும் நிறுத்திவிட்டால் கூச்சம் திரும்பி வரும். தொடர்ந்து அதையே வழக்கமான பற்பசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கராம்பு எண்ணெய் பற்றிப் பலர் கேட்பார்கள். அது இடத்தை மரக்கச் செய்யும், மூடியைத் திருப்பித் தராது. கலப்பில்லாமல் ஊற்றினால் முரசு வெந்து வெள்ளையாகும். அஸ்பிரின் குளிசையைப் பொடித்துப் பல்லுக்குள் வைப்பதும் அப்படியே; குளிசை விழுங்குவதற்கு, வைத்து அடைப்பதற்கல்ல.

இவ்வளவும் சொன்னது சாதாரணக் கூச்சத்துக்கு. குளிர் பட்டால் வெட்டி, குளிர் நீங்கியதும் சில விநாடிகளில் அடங்கிவிடுவது சாதாரணக் கூச்சம். குளிர் போன பிறகும் நின்று வலித்தால், சூட்டுக்கு வலித்தால், ஒன்றும் படாமலே இரவில் எழுப்பினால், ஒரே ஒரு பல்லில் மட்டும் இருந்தால், கடித்துவிடும்போது சுருக்கென்றால் அது வேறு. சூத்தை உள்ளே இறங்கியிருக்கலாம், பல் வெடித்திருக்கலாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டால் அன்றைக்கே போக வேண்டும். மேலே சொன்ன பற்பசையைத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் கடைசியில் மாமி சொன்னதே நடக்கும். காப்பாற்றக்கூடிய பல்லைக் கழற்ற வேண்டிவரும்.

சுன்னாகத்தில் இருப்பவர்களுக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை பக்கம்தான்; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் தூரமில்லை. அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியத்துக்குப் பணம் இல்லை. முரசோரப் பள்ளத்தைப் பல்லின் நிறத்திலேயே அடைக்கலாம். கூசும் இடத்துக்குப் புளோரைட் பூச்சுப் பூசலாம். இரவில் பல் நெருமும் பழக்கம் இருந்தால் அதற்கு உறை செய்து போடலாம். நரம்பு கெட்டிருந்தாலும் அதை மட்டும் நீக்கிப் பல்லை வைத்துக்கொள்ள வழியிருக்கிறது.

காறையை எடுத்துச் சுத்தம் செய்த பிறகு சில நாட்கள் கூச்சம் கூடும். "மெஷின் போட்டுப் பல்லைக் கெடுத்துவிட்டார்கள், பல் ஆடுகிறது" என்று ஊரில் கதை கிளம்புவது இதனால்தான். காறை மூடியிருந்த வேர் வெளிப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும், முரசும் இறுகும்.

போகுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள் சகோதரி: எந்தப் பக்கம், எந்தப் பல், எது பட்டால் கூசுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, எவ்வளவு காலமாக. கதிரையில் சாய்ந்து வெளிச்சத்தைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு எல்லாம் மறந்து, "எல்லாப் பல்லும்தான் டொக்டர்" என்று வாயில் வந்துவிடும். பாவிக்கும் பிரஷ்ஷையும் ஒரு கடதாசியில் சுற்றி எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தாலே வைத்தியருக்குப் பாதிக் கதை விளங்கிவிடும்.